ஃபோல்ட்ஸ்கோப் காகித மைக்ரோஸ்கோப்: எதற்கு ஆகும், எதற்கு ஆகாது

பள்ளிகளில் மைக்ரோஸ்கோப்பின் நிரந்தர முகவரி பெரும்பாலும் பீரோதான். உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் பூட்டி வைத்திருப்பார்கள். அதிகாரி ஆய்வுக்கு வருகிற அன்று துடைத்து மேசை மேல் வைப்பார்கள். அந்தப் பூட்டுக்குப் பதிலாகச் செய்யப்பட்ட கருவி ஃபோல்ட்ஸ்கோப். தாளை மடித்து, நடுவில் கடுகளவு லென்ஸைப் பொருத்தி, கண்ணோரம் பிடித்துப் பார்க்க வேண்டியதுதான். தொலைந்தாலும் கிழிந்தாலும் யாரும் விளக்கக் கடிதம் எழுத வேண்டியதில்லை. இதன் மற்ற எல்லாத் தகுதிகளும் அதற்குப் பிறகுதான்.

மீரட்டில் பிறந்து கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த மனு பிரகாஷ், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தன் ஆய்வு மாணவர் ஜிம் சிபுல்ஸ்கியுடன் சேர்ந்து இதை உருவாக்கினார். 2014-இல் வந்த ஆய்வுக் கட்டுரையில் இருக்கும் எண்கள் வாயைப் பிளக்க வைப்பவை: எடை 8.8 கிராம், பெரிதாக்கம் 2,000 மடங்குக்கு மேல், 800 நானோமீட்டர் (0.8 மைக்ரான்) நுணுக்கம், மூன்றாம் மாடியிலிருந்து போட்டாலும் காலால் மிதித்தாலும் வேலை செய்யும், மூலப்பொருள் செலவு ஒரு டாலருக்குள். எல்லாமே உண்மை. ஆனால் இந்த எண்கள் அத்தனையும் நீங்கள் வாங்கும் டப்பாவுக்குள் இல்லை. வழக்கமாக விற்பனைக்கு வருவது 140 மடங்கு லென்ஸ். அதில் சுமார் 2 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளி உள்ள இரண்டு புள்ளிகளைத்தான் தனித்தனியாகப் பார்க்க முடியும். இதைப் பற்றி வரும் செய்திகளில் பாதி இந்த இரண்டையும் குழப்பிவிடுகின்றன. "2,000 மடங்கு" என்று படித்துவிட்டு வாங்கியவர், முதல் நாளே ஏமாந்துபோன முகத்தோடு டப்பாவை மூடிவிடுவார். விலையும் அப்படியே. ஒரு டாலர் என்பது தாளுக்கும் லென்ஸுக்கும் ஆன செலவு. சிலைடு (பொருளை வைக்கும் பட்டை), கவர்ஸ்லிப் (அதன் மேல் மூடும் மெல்லிய கண்ணாடி), இடுக்கி, விளக்கு எல்லாம் சேர்ந்த டப்பாவின் கடை விலை அதைப்போல் பல மடங்கு.

140-ஐ ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? கணக்குப் போட்டாலே தெரிந்துவிடும். ஒரு கண்ணாடிக் குமிழை லென்ஸாக வைத்தால், குமிழ் சிறியதாகச் சிறியதாகப் பெரிதாக்கம் கூடும். 140 மடங்குக்குக் குவியத் தூரம் சுமார் 1.8 மி.மீ. சாதாரணக் கண்ணாடி என்றால் 2.4 மி.மீ. குமிழ் போதும். குமிழின் பரப்புக்கும் பார்க்கும் பொருளுக்கும் நடுவே அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக இடம் கிடைக்கும். 2,000 மடங்குக்கு 0.2 மி.மீ. அளவில் ஒரு நீலக்கல் குமிழ் வேண்டும். அங்கே மிச்சமிருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குகூட இராது. கவர்ஸ்லிப்பின் கனமே 0.17 மி.மீ. பிறகு எதை எங்கே வைப்பது? ஆய்வகத்தில் வித்தை காட்டலாம், எட்டாம் வகுப்புப் பிள்ளையின் கையில் கொடுக்க முடியாது. 140-இல் நிறுத்தியது நல்ல முடிவு.

அந்த அரை மில்லிமீட்டர்தான் இந்தக் கருவியைப் பழகும் கலையின் முக்கால் பங்கு. கண்ணாடிச் சிலைடின் கனம் 1 மி.மீ.க்கு மேல். ஆகவே கவர்ஸ்லிப் உள்ள பக்கம் லென்ஸைப் பார்த்து இருக்க வேண்டும். சிலைடைத் திருப்பிச் செருகினால் எத்தனை இழுத்தாலும் படம் தெளியாது. "என்னுடையது வேலை செய்யவில்லை" என்று கை தூக்குபவர்களில் பெரும்பாலோர் செய்திருப்பது இதைத்தான். அடுத்த தவறு கனமான பொருளை வைப்பது. கொசுப்புழுவை அப்படியே வைத்தால் அது லென்ஸை முட்டும், அல்லது நசுங்கும். அதற்குப் பத்து மடங்கு கைலென்ஸ் போதும். ஃபோல்ட்ஸ்கோப்புக்கு மெல்லியதுதான் சரி: உரித்த தோல், ஒரு சொட்டு நீர், தட்டிவிட்ட மகரந்தம், பூச்சியின் இறகு.

டப்பாவில் வருவதை மடிக்க முதல் தடவை இருபது முப்பது நிமிடம் ஆகும். துளைக்கோடு போட்ட தாளிலிருந்து பாகங்களைப் பிய்க்கும்போது இழுக்கக் கூடாது. முன்னும் பின்னும் இரண்டு முறை மடித்துவிட்டுப் பிரித்தால் ஓரம் சிலும்பாமல் வரும். மடிப்புகளை நகத்தால் அழுத்தித் தேய்க்க வேண்டும். மடிப்பு தளர்ந்தால் லென்ஸும் வெளிச்சத் துளையும் ஒரே நேர்கோட்டில் நிற்காது, படத்தின் ஒரு பக்கம் பிறைபோல இருட்டாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் லென்ஸைச் சந்தேகப்படாமல் மடிப்பைச் சரிபாருங்கள். தாள் தண்ணீரில் ஊறாத செயற்கைத் தாள். நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம். கிழிவது வேறு இடத்தில்: கனமான கண்ணாடிச் சிலைடை நூறு முறை செருகி எடுத்தால், செருகும் வாயோரம் பிளந்துகொண்டு வரும். முதலிலேயே அந்த ஓரத்தில் ஒரு துண்டு செல்லோடேப் ஒட்டிவிடுவது நல்லது.

ஃபோகஸ் செய்யத் திருகு கிடையாது. சாய்வான ஒரு பட்டையைக் கட்டைவிரலால் இடம் வலமாகத் தள்ளினால் சிலைடு லென்ஸை நெருங்கும், விலகும். மறு கட்டைவிரலால் லென்ஸ் உள்ள பகுதியை நகர்த்திப் பொருளைத் தேட வேண்டும். பெரிய மைக்ரோஸ்கோப்பில் பழகியவர்கள்தான் இதில் அதிகம் தடுமாறுகிறார்கள். ஏதும் தெரியாத பிள்ளைகள் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்கள். கண்ணை இமைமுடி உரசும் அளவுக்கு நெருக்கிப் பிடிக்க வேண்டும். மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் கழற்றிவிட்டுப் பார்க்கலாம், கிட்டப்பார்வை தூரப்பார்வை இரண்டையும் ஃபோகஸ் சரிசெய்துவிடும். இமையின் எண்ணெய் லென்ஸில் படியும், படம் மெல்ல மெல்லப் பனிமூட்டமாகும். காதுக்குடையும் பஞ்சுக்குச்சியைச் சுத்தமான தண்ணீரில் நனைத்து ஒரு சுற்று, உலர்ந்த பஞ்சால் இன்னொரு சுற்று. ஸ்பிரிட் போட்டுத் தேய்க்க வேண்டாம், ஒட்டியிருக்கும் பசை தளரும்.

கருவியின் பலவீனம் எதுவென்று கேட்டால், வெளிச்சம். லென்ஸ் நன்றாக இருக்கிறது, வெளிச்சத்தை உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். கூட வரும் எல்.இ.டி. விளக்கின் பொத்தான் பேட்டரி, யாரோ அணைக்க மறந்த இரவில் தீர்ந்துவிடும். சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது என்பதை மடிப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். லென்ஸ் குவித்து அனுப்பும் வெயில் விழித்திரையைச் சுட்டுவிடும். வெயில் விழும் வெள்ளைச் சுவர்தான் நல்ல விளக்கு. அதுவும் இல்லையென்றால் போன் டார்ச்சின் முன்னால் பட்டர் பேப்பர் ஒன்றை ஒட்டி வைக்கலாம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சுவருக்கோ ஜன்னலுக்கோ ஒட்டி நின்று பார்த்தால் ஒளி எல்லாப் பக்கமிருந்தும் பாய்ந்து, நிறமில்லாத செல்களின் ஓரம் கரைந்துபோகும். ஜன்னலிலிருந்து இரண்டு மூன்று அடி பின்னால் போனால் ஒளி ஒடுங்கி, அதே செல்லின் சுவர் கோடு போட்டதுபோல் எழும். பெரிய மைக்ரோஸ்கோப்பில் அடியில் உள்ள இதழ்த் துளையை ஒடுக்குவதும் இதே வேலைதான். இங்கே அதைக் கால்களால் செய்கிறோம்.

என்ன பார்க்கலாம் என்பதற்கு வெங்காயத் தோல் எல்லாரும் சொல்வது. சொல்லக் காரணம் இருக்கிறது, எளிதில் தோற்காது. உள்பக்கத்துச் சவ்வை அரை செ.மீ. சதுரமாக உரித்து, சுருங்காமல் நீரில் விரித்து, பீட்டாடின் என்ற அயோடின் மருந்தைப் பத்துக்கு ஒன்றாக நீர்த்து ஒரு சொட்டு விட்டால் இரண்டு நிமிடத்தில் உட்கரு பழுப்புப் பொட்டாகத் தெரியும். கவர்ஸ்லிப்பைச் சாய்த்துப் பிடித்து, ஒரு ஓரத்தை முதலில் நீரில் தொட்டுவிட்டு மெல்ல இறக்க வேண்டும். பட்டென்று போட்டால் காற்றுக்குமிழ். கறுத்த தடித்த வளையத்தோடு பளிச்சென்று வட்டமாகத் தெரிந்தால் அது செல் அல்ல, காற்று. புதிதாகப் பார்ப்பவர் முதலில் பரவசப்படுவது பெரும்பாலும் இந்தக் காற்றுக்குமிழைப் பார்த்துத்தான். கன்னத்தின் உள்பக்கச் செல்களுக்கு மெத்திலீன் நீலம் வேண்டும். வண்ணமீன் கடையில் மீனின் பூஞ்சைக்கு மருந்தாக விற்கிறார்கள், ஒரு சின்னப் புட்டி ஒரு பள்ளிக்கு வருடக்கணக்கில் வரும்.

குளத்து நீரை மேலாக மொண்டால் ஒன்றும் இருக்காது. பாசி படிந்த கல்லையோ தாமரை இலையின் அடிப்பக்கத்தையோ சுரண்டிய நீரில்தான் கூட்டம் இருக்கும். பாரமீசியம் போன்ற ஒருசெல் உயிரிகள் பார்வைப் பரப்பைக் கண்ணிமைக்கும் நேரத்தில் கடந்துவிடும். கவர்ஸ்லிப் போடும் முன் பஞ்சை இழை இழையாகப் பிரித்து நான்கைந்து இழை போட்டால் வேலி கட்டியதுபோல் ஓரிடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். செம்பருத்தி மகரந்தம் முள்ளுருண்டையாக, யாரும் மறக்க முடியாதபடி தெரியும்.

இட்லி மாவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. "புளித்த மாவில் பாக்டீரியா பார்த்தோம்" என்று பிள்ளைகள் படம் காட்டுவார்கள், ஆசிரியரும் பாராட்டிவிடுவார். மாவைப் புளிக்க வைக்கும் பாக்டீரியா ஒவ்வொன்றும் ஒரு மைக்ரானைச் சுற்றித்தான். 2 மைக்ரான் எல்லையுள்ள கருவியில் அது தனித்துத் தெரியாது. அவர்கள் பார்த்தது அரிசி, உளுந்தின் மாவுச்சத்துத் துகள்கள். சந்தேகமென்றால் அதே பீட்டாடின் சொட்டு: கருநீலமானால் மாவுச்சத்து. தவறான விடையைக் கண்டுபிடித்துக் காட்டுவதற்கு இதைவிட மலிவான சோதனை கிடைக்காது. பிள்ளைகளுக்கு நிஜ பாக்டீரியாவைவிட இதுவே நல்ல பாடம்.

போனில் படம் எடுக்கக் காந்த வளையம் ஒன்று தருகிறார்கள். கேமராவைச் சுற்றி அதை ஒட்டினால் ஃபோல்ட்ஸ்கோப் தானாகப் போய்ப் பிடித்துக்கொள்ளும். ஒற்றைக் கேமரா இருந்த காலத்துக்கு அருமையான ஏற்பாடு. இப்போது மூன்று நான்கு கேமரா உள்ள போனில், நாம் ஒட்டியது ஒன்றில், போன் தானாகத் தாவுவது வேறொன்றுக்கு. மேக்ரோ மோடை அணைத்துவிட்டு, பிரதான கேமராவில் இரண்டு மடங்கு ஜூம் வைத்து, திரையை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்ட வேண்டும். சில போன்களில் படநடுக்கத்தைத் தடுக்கும் உள்லென்ஸைக் காந்தம் இழுத்துப் படம் ஆடும். அவற்றில் காந்தத்தை விட்டு, கையால் பிடித்தே எடுப்பது நல்லது. குமிழ் லென்ஸின் இயல்பால் நடுப்பகுதி மட்டுமே கூர்மை, ஓரம் வழிந்த மை போல இருக்கும். முழுதும் தெளிவாக வேண்டுமென்றால் நகர்த்தி நகர்த்தி ஐந்தாறு படம் எடுப்பதைத் தவிர வழியில்லை.

படத்தோடு அளவும் சொன்னால்தான் அது அறிவியல். தலைமுடியோடு ஒப்பிடும் வழக்கம் சரிப்படாது, முடியின் தடிமன் ஆளுக்கு ஆள் மாறும். மோட்டார் காயில் சுற்றும் கடையில் 42-ஆம் கேஜ் (SWG) தாமிரக் கம்பி ஒரு சாண் கேளுங்கள், சும்மாவே கொடுப்பார்கள். அந்தக் கேஜுக்குச் செம்பின் விட்டம் 0.1016 மி.மீ. மேல்பூச்சை உப்புத்தாளால் மெல்லச் சுரண்டிவிட்டு, சிலைடில் வைத்து, வழக்கமான ஜூமில் ஒரு படம். கம்பியின் குறுக்களவு 400 பிக்சல் வந்தால் ஒரு மைக்ரானுக்கு ஏறக்குறைய 4 பிக்சல். அதே போன், அதே ஜூம் என்றால் இந்தக் கணக்கு எல்லாப் படத்துக்கும் செல்லும். டப்பாவில் இந்தக் கம்பியையும் ஒரு துண்டு போட்டிருக்கலாம்.

நோய் கண்டறிதல் விஷயத்துக்கு வருவோம். இந்தக் கருவியைப் பற்றி மிக அதிகமாகச் சொல்லப்பட்டதும், மிகக் குறைவாக நிறைவேறியதும் இதில்தான். ஏழை நாடுகளில் மலேரியாவைக் கண்டுபிடிக்க ஒரு டாலர் கருவி என்பது தொடக்க நாட்களின் கனவு. ரத்தச் சிவப்பணு 7, 8 மைக்ரான், 140 மடங்கில் சின்னச் சின்ன வட்டமாகத் தெரியும். அதற்குள் இருக்கும் இளம் மலேரியா ஒட்டுண்ணியோ ஒன்றிரண்டு மைக்ரான் வளையம். அதைப் பார்க்க ஜீம்சா சாயம் ஏற்றி, எண்ணெய்ச் சொட்டு விட்ட 100 மடங்கு லென்ஸில், கால் மைக்ரான் நுணுக்கத்தில் தேட வேண்டும். 140-ஆல் அது ஆகாது, எந்தச் சாயம் போட்டாலும் ஆகாது. பெரிய உருவுள்ளவற்றுக்கு வாய்ப்பு உண்டு. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நீளமுள்ள சிஸ்டோசோமா என்ற ஒட்டுண்ணிப் புழுவின் முட்டைகளை வைத்துக் கானாவில் சோதித்தார்கள். 2015-இல் வெளிவந்த அந்த ஆய்வில், நோய் உள்ளவர்களில் பாதிக்குச் சற்று மேலானவர்களைத்தான் ஃபோல்ட்ஸ்கோப் பிடித்தது. இல்லாதவர்களை இல்லை என்று சொன்னதில் தவறு குறைவு. பாதியை விட்டுவிடும் கருவியை நம்பி யாருக்கும் மருந்து எழுத முடியாது. முகாம்களில் இதை வைத்து ரத்தம் சோதிப்பதாக யாராவது சொன்னால் விரலை நீட்டாதீர்கள்.

ஒரு செகந்தராபாத் கதை இங்கே பொருந்தும். 1897 ஆகஸ்டில் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியைப் பார்த்த பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் ரொனால்டு ராஸின் மைக்ரோஸ்கோப், வியர்வை பட்டுத் திருகுகள் துருப்பிடித்து, மிஞ்சியிருந்த ஒரே கண்லென்ஸும் விரிசல் விட்டுக் கிடந்தது. அறுத்துவைத்த கொசு பறந்துவிடும் என்று கூரையில் தொங்கும் பங்கா விசிறியைக்கூட இழுக்க விடாமல் உட்கார்ந்திருந்தார். கருவி மட்டமாக இருந்ததால் அவர் கண்டுபிடித்தார் என்று சொல்லக் கூடாது. அந்த விரிசல் லென்ஸும் இந்த 140-ஐவிட மிக நுணுக்கமானது. அவர் மணிக்கணக்காகக் கண்ணை எடுக்காமல் இருக்க முடிந்தது, கருவி அவர் மேசையிலேயே இருந்ததால்.

ஒற்றைக் குமிழ் லென்ஸ் ஒன்றும் ஸ்டான்ஃபோர்டின் கண்டுபிடிப்பு அல்ல. 1665-இல் ஆங்கில விஞ்ஞானி ராபர்ட் ஹூக் தன் 'மைக்ரோகிராஃபியா' நூலின் முன்னுரையிலேயே கண்ணாடியை உருக்கிக் குமிழ் செய்யும் முறையை எழுதிவிட்டார். கண்ணுக்குச் சிரமம் என்று அவர் அதை அதிகம் பயன்படுத்தவில்லை. டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் லேவன்ஹூக் பயன்படுத்தினார். கல்லூரி வாசல் மிதிக்காதவர், லத்தீன் தெரியாது, லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்துக்குத் தன் டச்சு மொழியிலேயே ஐம்பது ஆண்டு கடிதம் எழுதினார். 1676-இல் எழுதிய கடிதத்தில்தான் பாக்டீரியா முதன்முதலாக வருகிறது. லென்ஸ் செய்யும் முறையைக் கடைசிவரை யாருக்கும் சொல்லவில்லை. அவருடைய 270 மடங்கு லென்ஸை நியூட்ரான் கதிரில் ஊடுருவிப் பார்த்து 2021-இல் வெளியிட்டார்கள்: ஹூக் எழுதிய அதே உருக்கிய குமிழ். ரகசியமாக வைத்திருந்தது, அச்சில் வந்து பத்தாண்டுக்கும் மேலாகியிருந்த ஒரு முறை. லேவன்ஹூக் மறைத்ததை லட்சக்கணக்கில் அச்சடித்து அனுப்புகிறார்கள் என்பதுதான் ஃபோல்ட்ஸ்கோப்பில் உண்மையிலேயே புதியது.

அனுப்பியதற்கு அப்புறம் என்ன ஆகிறது என்பதில்தான் நம் ஊரின் சிக்கல். தொடக்கத்தில் 50,000 கருவிகளை 130-க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு இலவசமாக அனுப்பினார்கள். மத்திய அரசின் உயிர்த்தொழில்நுட்பத் துறை 2015-இல் பிரகாஷின் ஆய்வகத்தோடு ஒப்பந்தம் போட்டு, வடகிழக்கு மாநிலங்களுக்குத் தனிக் கவனம் கொடுத்துப் பள்ளி, கல்லூரிகளுக்குக் கொண்டுபோனது. நல்ல வேலை. ஆனால் எந்தத் திட்டத்திலும் கொடுத்ததை எண்ணுவது எளிது, பார்த்ததை எண்ண ஆளிருக்காது. ஒரு நாள் பயிற்சி முகாமில் மடித்து, வெங்காயம் பார்த்து, குழுப்படம் எடுத்து, கருவிகளைத் திரும்ப வாங்கி எண்ணிப் பீரோவில் வைத்துவிட்டால், இரும்பு மைக்ரோஸ்கோப்புக்குப் பதில் காகித மைக்ரோஸ்கோப்பைப் பூட்டியிருக்கிறோம், அவ்வளவே. பிள்ளை வீட்டுக்கு எடுத்துப்போகலாம் என்று முடிவு செய்யாத பள்ளிக்கு இதை வாங்கவே தேவையில்லை. அந்தப் பணத்தில் ஒரு நல்ல மாணவர் மைக்ரோஸ்கோப் வாங்கலாம். 400 மடங்கில், அரை மைக்ரான் நுணுக்கத்தில், பூட்டி வைத்தாலும் ஃபோல்ட்ஸ்கோப்பைவிட நன்றாகத் தெரியும்.

வீட்டுக்கு வாங்க நினைப்பவர், கணினியில் செருகும் "1000 மடங்கு" யு.எஸ்.பி. மைக்ரோஸ்கோப்போடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். அந்த ஆயிரம், திரையைப் பெரிதாக்கிக் கிடைத்த எண். சட்டைத் துணி, நாணயம், சர்க்யூட் போர்டு பார்க்க அது வசதி, செல் பார்க்க ஃபோல்ட்ஸ்கோப்தான். ஒற்றை ஆளுக்கானது தகர டப்பாவில் துணைப்பொருட்களோடு வருகிறது, வகுப்புக்கானது இருபது கருவிகள் கொண்ட கட்டு. ஒரே பிள்ளை என்றாலும் கூட்டாளிகள் நாலு பேர் சேர்ந்து கட்டாக வாங்கிப் பிரித்துக்கொள்வது லாபம், ஆனால் அதில் துணைப்பொருட்கள் குறைவு. கவர்ஸ்லிப் நூறு, சிலைடு ஐம்பது, ஒரு சொட்டுக்குழாய் இவற்றை ஆய்வகப் பொருள் கடையில் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் தீர்வது கவர்ஸ்லிப்தான், ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. அது கிடைக்காத ஊரில் காகிதச் சிலைடில் ஓட்டை போட்டு இருபுறமும் தெளிவான செல்லோடேப் ஒட்டினால் மகரந்தத்துக்கும் இறகுக்கும் போதும், நீர்ச்சொட்டுக்கு ஆகாது. டேப்பின் பசை நீரில் வெளுத்து, அந்த வெண்மையையே ஏதோ உயிரி என்று வரைந்து கொண்டுவருவார்கள்.